எல்லா இடங்களும் நிரம்பிவிட்டன

லாங்நெக் ஏரி ஆய்வு நிலையம்
வட மினசோட்டா
பிப்ரவரி 4, 1991

பல்கலைக்கழகக் கணினி மைய நிர்வாகி திரு. ஓரின் ஸ்கார் அவர்களுக்கு,

இதைக் காகிதத்தில் எழுதுவதற்காக மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை. உங்கள் மையத்துக்குப் போன் போட்டால் டார்லீன் எடுக்கிறாள். "புகாரெல்லாம் மின்னஞ்சல்ல வந்தாத்தான் பார்ப்பாராம். என்கிட்ட சொல்லிப் புண்ணியமில்லைங்க டாக்டர்" என்கிறாள். மின்னஞ்சல் அனுப்ப வேண்டுமானால் உங்கள் மூஸ் கம்ப்யூட்டருக்குள் நுழைய வேண்டும். மூஸுக்குள் நுழைய முடியவில்லை என்பதுதான் என் புகார். இப்படி ஒரு விதியைப் போட்ட மூளையை ஒரு நாள் நேரில் பார்க்க ஆசையாக இருக்கிறது.

நடப்பது இதுதான். இங்கிருந்து மூஸைக் கூப்பிட்டால் ‘எல்லா இடங்களும் நிரம்பிவிட்டன’ என்று திரையில் ஒரு வரி வருகிறது. உடனே இணைப்பு அறுந்துவிடுகிறது. காலையில் கூப்பிட்டாலும் அதே வரி, மத்தியானம் கூப்பிட்டாலும் அதே வரி. டோய்வோ என்று எங்கள் நிலையத்தில் ஒருவர் இருக்கிறார். படகு, பம்பு, கூரைப் பனி எல்லாம் அவர் பொறுப்பு. அவர் தினமும் ஐஸில் துளை போட்டு, ஏரித் தண்ணீரில் பிராணவாயு எவ்வளவு மிச்சம் என்று அளந்துகொண்டு வந்து என் மேஜையில் வைக்கிறார். அந்த எண்களை மூஸில் கொடுத்துக் கணக்குப் பார்த்தால்தான் எந்த மூலையில் மீன் மூச்சுத் திணறப் போகிறது, காற்றுக் குழாயை எங்கே இறக்க வேண்டும் என்று தெரியும். எண்கள் இருக்கின்றன. கணக்கு இல்லை.

இதற்கு நடுவில், கட்டமைப்புக் கமிட்டிக்கு நீங்கள் எழுதிய குறிப்பின் நகல் எனக்கும் வந்தது. ‘ஏரிக்காரர்கள் உள்ளே நுழைந்து இடத்தை அடைத்துக்கொள்கிறார்கள், அவர்களுக்குப் போகும் கம்பியை வெட்டிவிடலாம்’ என்று சிபாரிசு செய்திருக்கிறீர்கள். மார்ச் 22 அன்று அவர்கள் உட்கார்ந்து முடிவு செய்யப் போகிறார்கள். கம்பி போனால் இந்த நிலையத்தை மூடிவிட்டு, உங்கள் கட்டடத்துக்கு எதிரே ஜன்னலில்லாத ஓர் அறையில் என்னை உட்கார வைப்பார்கள். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது.

வாசலிலேயே நிற்கிற நாங்கள் எப்படி இடத்தை அடைத்துக்கொள்கிறோம் என்று மட்டும் தயவுசெய்து விளக்குங்கள்.

ஐலி ரந்தலா


கணினி மையம்
பிப்ரவரி 8

டாக்டர் ரந்தலா,

தபால்தலை ஒட்டிய புகார் இந்த மையத்துக்கு வருவது இதுதான் முதல் தடவை. டார்லீன் அதை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்துவிட்டு அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்திருக்கிறாள். பொழுதுபோக்குக்கு நன்றி.

நீங்கள் மீன் டாக்டர். அதனால் மீனுக்குச் சொல்வது போலவே சொல்கிறேன். முன்பெல்லாம் திரையும் கீபோர்டும் சேர்ந்த டெர்மினல் ஒவ்வொன்றும் கம்ப்யூட்டரோடு ஒரு கம்பியால் கட்டப்பட்டிருக்கும். உங்களைப் போல எங்கோ காட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு கம்பி கிடையாது, எல்லாருக்கும் சேர்த்து ஒரே பொதுக் கம்பி. அவர்களுக்காக, மூஸை ஓட்டுகிற யூனிக்ஸ் என்ற நிரல் தனக்குள்ளேயே பொய் டெர்மினல்கள் வைத்திருக்கிறது. ஆள் வந்தால் ஒன்றைக் கொடுக்கும், போனால் திரும்ப வாங்கிக்கொள்ளும், சினிமாக் கொட்டகை நாற்காலி மாதிரி. மூஸில் பி, க்யூ, ஆர், எஸ் என்று நான்கு வரிசை. வரிசைக்குப் பதினாறு நாற்காலி. அறுபத்து நான்கு பேர் ஒரே நேரத்தில் சௌகரியமாக உட்காரலாம். போட்டது நான். எனக்குத் தெரியும்.

அப்படியும் நிரம்புகிறது என்றால் என்ன அர்த்தம்? உட்கார்ந்தவர்கள் எழுந்திருப்பதில்லை என்று அர்த்தம். கார் நிறுத்துமிடத்தில் பார்த்திருப்பீர்களே, எஞ்சினைச் சூடாக வைக்கிற பிளக்கில் வண்டி இல்லாதபோதும் ஒயரைச் செருகி வைத்துவிட்டுப் போகிற ஜென்மங்களை. அதே ஜென்மங்கள்தான் இங்கேயும். வேதியியல்துறையில் ஒரே ஆள் நான்கு நாற்காலி பிடித்து வைத்திருக்கிறான். உங்கள் நிலையத்திலிருந்து ஒரு ஆள் இரண்டு நாளாக எழுந்திருக்கவே இல்லை. அது யாரென்று உங்களுக்குத் தெரியும்.

என் இயந்திரத்தில் குறை இருந்தால் அதை நான் விட்டு வைப்பதில்லை. ஜனவரியில் நீங்களே ஒரு தடவை அழுதீர்கள், ஞாபகமிருக்கிறதா? ஒரு குறிப்பிட்ட நாற்காலி கிடைத்தால் மட்டும் தட்டுவது எதுவும் திரையில் வருவதில்லை, அப்படியே உறைந்துவிடுகிறது என்று. ஒரே வரிக் கட்டளையில் அதைத் தூக்கிக் கடாசினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், மேல்கோட்டைப் போட்டுக்கொண்டே. அதற்குப் பிறகு அந்தப் புகார் வந்ததா? வரவில்லை. நன்றி என்று ஒரு வார்த்தை வந்ததா? அதுவும் வரவில்லை.

திங்கள் முதல் புது ஏற்பாடு. பத்து நிமிடம் எதுவும் தட்டாமல் சும்மா உட்கார்ந்திருப்பவரை மூஸ் தானாகவே வெளியே தள்ளிவிடும். தள்ளும்போது ‘போய் வா’ என்று சொல்லும். அந்த மரியாதைகூட என் யோசனைதான்.

ஓ. ஸ்கார்


லாங்நெக் ஏரி
பிப்ரவரி 17

திரு. ஸ்கார்,

மீனுக்குச் சொல்வது போலச் சொன்னதற்கு நன்றி. மீனுக்குப் புரிந்துவிட்டது. சொன்னவருக்குத்தான் புரியவில்லை என்று தோன்றுகிறது.

ஆமாம், இரண்டு நாள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது நான்தான். ஏன் என்று யோசித்தீர்களா? எழுந்தால் திரும்ப உட்கார இடம் கிடைக்காது. அதனால் எழுந்திருக்கவில்லை. வேதியியல்துறை ஆளும் அதனால்தான் நான்கு பிடித்து வைத்திருக்கிறான். பஸ் கிளம்பும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறவனை எல்லாரும் திட்டலாம். பஸ் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று கேட்க வேண்டியவர் டிரைவர். நீங்கள் துண்டை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் ‘போய் வா’ ஏற்பாட்டின் லட்சணத்தையும் கேளுங்கள். ஏரிக் கணக்கு ஓட இருபது நிமிடம் ஆகும். அது ஓடும்போது நான் எதைத் தட்ட வேண்டும்? தட்டாவிட்டால் பாதியில் வெளியே தள்ளுகிறது, கணக்கும் என்னோடு சேர்ந்து செத்துப் போகிறது. டோய்வோ இதை ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்தார். "இதுக்குப் போய் ஏன் டாக்டரம்மா மண்டையை உடைச்சிக்கிறீங்க? அதுக்கு யாராவது தட்டிக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதானே?" என்று தூண்டிலிலிருந்து ஓர் ஈயக் குண்டைக் கழற்றி, கீபோர்டின் நீளப் பட்டைமேல் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு ஒழுங்காகக் கணக்கு முடிந்தது. உங்கள் பாதுகாப்பு ஏற்பாட்டை ஒரு தூண்டில் குண்டு வென்றுவிட்டது என்பதை மூஸின் வரலாற்றில் எங்காவது குறித்து வையுங்கள்.

ஆனால் அன்று ஒரு நாள்தான். அதற்குப் பிறகு ஐந்து நாளாக வாசலைத் தாண்டவில்லை. நேற்று டோய்வோ மேற்கு மூலையிலிருந்து ஓடி வந்தார். "டாக்டரம்மா, துளை போட்டதும் மீனெல்லாம் அங்க வந்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. எனக்குப் பார்க்கவே முடியலை." குழாயைக் கிழக்கில் இறக்கி வைத்திருந்தோம். ஏன் கிழக்கில்? கணக்கு இல்லாததால் குத்துமதிப்பாக. இன்று காலை மேற்கு மூலையில் பெர்ச் மீன்கள் ஐஸுக்கு அடியில் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடக்கின்றன. எனக்கு அழுகை வந்தது. உங்கள் இயந்திரத்தின் வாசலில் நின்ற ஐந்து நாளில் வராத அழுகை.

இதை எந்தப் பலகையில் வேண்டுமானாலும் குத்திவைத்துக்கொள்ளுங்கள்.

ஐலி ரந்தலா


கணினி மையம்
பிப்ரவரி 25

டாக்டர் ரந்தலா,

மீன்களுக்காக வருந்துகிறேன். மீன் செத்ததற்கு யூனிக்ஸ்தான் காரணம் என்று ஒரு விஞ்ஞானி எழுதி இப்போதுதான் படிக்கிறேன்.

இருந்தாலும் உங்கள் வாயை அடைக்க வேண்டும் என்பதற்காகவே சனி ஞாயிறு முழுக்க மூஸை நிறுத்திப்போட்டு, அதன் உட்கருவைத் திரும்பக் கட்டினேன். கெர்னல் என்போம். அதைத் திறந்து கை வைக்க இந்த மாநிலத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் இருக்கிறார்கள். அறுபத்து நான்கு என்று இருந்த எல்லையை நூற்று இருபத்தெட்டாக உயர்த்தினேன். எஸ் வரிசைக்குப் பின்னால் புதிதாக நான்கு வரிசை போட்டேன். டார்லீன் அவளாகவே ஹாட்டிஷ் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள், அவ்வளவு நேரம் அங்கேயே கிடந்தேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ‘எல்லா இடங்களும் நிரம்பிவிட்டன’.

இரட்டிப்பாக்கிப் போட்டதையும் இரண்டு மணி நேரத்தில் தின்று தீர்த்திருக்கிறீர்கள். உங்களுக்கெல்லாம் ஆயிரம் கொடுத்தாலும் பத்தாது. அதோடு உங்கள் ஈயக் குண்டு வேறு ஊர் முழுக்கப் பரவிவிட்டது. வேதியியல்துறையில் கல் வைக்கிறார்கள், வரலாற்றுத்துறையில் ஒருவர் உறைந்த மீன் துண்டையே கீபோர்டில் வைத்து அது உருகிப்போய் கீபோர்டு நாறுகிறது. அதைத் துடைத்தவன் நான். நூலகத்துக்காரி என்னைப் பார்த்து, "நீங்க தள்ளிவிட்டா நாங்க குண்டு வைக்கிறோம், கணக்கு சரியாப் போச்சு" என்கிறாள்.

கமிட்டிக்கு நான் இன்னொரு குறிப்பு அனுப்பியிருக்கிறேன். இதுவரை ‘வெட்டிவிடலாம்’ என்று எழுதியிருந்தேன். இப்போது ‘வெட்ட வேண்டும்’ என்று எழுதியிருக்கிறேன். இந்தக் குண்டு வியாதி எங்கிருந்து தொடங்கியது என்றும் சொல்லியிருக்கிறேன்.

ஓ. ஸ்கார்


லாங்நெக் ஏரி
மார்ச் 10

திரு. ஸ்கார்,

சனிக்கிழமை உயர்நிலைப்பள்ளி ஹாக்கி இறுதியாட்டம் நடந்ததே, அப்போது இந்த மாநிலத்தில் டி.வி. முன்னால் இல்லாமல் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தது அநேகமாக நான் ஒருத்திதான். மூஸ் உடனே உள்ளே விட்டுவிட்டது. ஏரிக் கணக்கை முடித்தேன். அதற்குப் பிறகு, வந்தது வந்தோம் என்று, உள்ளே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மூஸையே கேட்டேன். பெயருக்குப் பக்கத்தில் நாற்காலி எண்ணும் காட்டியது. இருந்தவர்கள் நான்கைந்து பேர், எல்லாரும் பி வரிசையில்.

அதில் ஆச்சரியமில்லை. ஆளில்லாத நேரத்தில் முன்வரிசையில்தான் உட்காருவார்கள். ஆனால் நீங்கள் சொல்கிற அந்த நான்கு நாற்காலி வேதியியல்துறை ஆள் என் பழைய மாணவன். அவனைப் போன வாரமே தினமும் ‘நிரம்பிவிட்டது’ என்று வெளியே கத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் உள்ளேயிருந்தபடி அந்தப் பட்டியலைப் படிக்கச் சொன்னேன். போனில் படித்தான். ஒவ்வொரு தடவையும் பி வரிசை முழுக்க நிரம்பியிருக்கிறது. க்யூ வரிசையில் ஒருவர்கூட இல்லை. ஆரிலும் இல்லை, எஸ்ஸிலும் இல்லை, நீங்கள் ஹாட்டிஷ் சாப்பிட்டுச் சாப்பிட்டுப் போட்ட புது நான்கு வரிசையிலும் ஒரு குஞ்சு இல்லை.

எட்டு வரிசைக் கொட்டகை. முதல் வரிசையில் மட்டும் ஜனங்கள் ஒருவர் மடியில் ஒருவர். வாசலில் இடமில்லை என்று பலகை. உள்ளே ஏழு வரிசை காலி. இதை அடுக்கி வைத்தவர் நீங்கள். நிரம்பிவிட்டது என்று இரண்டு மாதமாகச் சாதிக்கிறவரும் நீங்கள்.

ஒரே ஒரு கேள்வி. நீங்கள் கடைசியாக எப்போது வாசல் வழியாக மூஸுக்குள் போனீர்கள்? டார்லீனிடம் கேட்டேன். "அவரா? அவர் மெஷின் ரூம்ல உட்கார்ந்து, அதோட உடம்புலயே சொருகியிருக்கிற டெர்மினல்லதான் வேலை பார்ப்பார். அவருக்கு எப்பவும் இடம் இருக்கும்" என்றாள். சமையலறை வழியாகவே வந்து போகிற ஆளுக்கு வாசல் கதவு எப்படித் தெரியும்?

எனக்கு உங்கள் யூனிக்ஸ் தெரியாது. எனக்கு எண்ணத் தெரியும். எண்ணியாயிற்று. மற்றது உங்கள் வேலை.

ஐலி ரந்தலா


கணினி மையம்
மார்ச் 13

டாக்டர் ரந்தலா,

மூஸில் ஒரு சிறு குறை இருந்தது. சரிசெய்யப்பட்டுவிட்டது. நுழைந்து பாருங்கள்.

பத்து நிமிடத்தில் வெளியே தள்ளும் ஏற்பாடு இனி தேவைப்படாது. எடுத்துவிட்டேன்.

கமிட்டிக்கு அனுப்பிய குறிப்புகள் அனுப்பியபடியே இருக்கட்டும். கூட்டத்துக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது, இப்போது போய் அதையெல்லாம் கிளறினால் வீண் குழப்பம்.

ஓ. ஸ்கார்


லாங்நெக் ஏரி
மார்ச் 17

திரு. ஸ்கார்,

உங்களிடமிருந்து இவ்வளவு சின்னக் கடிதம் வந்ததும் பயந்துபோனேன். உடம்புக்கு ஏதாவதா என்று. பிறகு நுழைந்து பார்த்தேன். உடனே நுழைய முடிந்தது. காரணம் புரிந்தது.

மூஸில் ஒவ்வொரு நாற்காலிக்கும் அது எப்போது போடப்பட்டது என்று தேதி இருக்கிறதே. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நீங்கள் மறைத்து வைக்கவில்லை. மறைக்க வேண்டியிருக்கும் என்று தோன்றாத அளவுக்கு எங்கள்மேல் உங்களுக்கு இளக்காரம். க்யூ வரிசையில் பதினைந்து நாற்காலிகள் இரண்டு வருடத்துக்கு முந்தையவை. முதல் நாற்காலி மட்டும் போன செவ்வாய்க்கிழமை பிறந்திருக்கிறது.

வாசலில் இடம் தேடிக் கொடுக்கிற நிரலையும் எடுத்துப் படித்தேன். நாலு தரம் படிக்க வேண்டியிருந்தது, மீன் டாக்டர்தானே. அது ஒவ்வொரு வரிசைக்கும் போய் முதலில் முதல் நாற்காலி இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் அந்த வரிசையில் தேடும். முதல் நாற்காலியே இல்லை என்றால், கொட்டகை இத்தோடு முடிந்தது என்று திரும்பி வந்து ‘நிரம்பிவிட்டன’ என்று சொல்லிவிடும். அதற்குப் பின்னால் எட்டு வரிசை இருந்தாலும் எண்பது வரிசை இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

ஜனவரியில் உறைந்துபோகிறது என்று நான் அழுத நாற்காலி எது என்று என் பழைய மின்னஞ்சலைத் தேடிப் பார்த்தேன். க்யூ வரிசை, முதல் நாற்காலி. அதைத்தானே மேல்கோட்டைப் போட்டுக்கொண்டே தூக்கிக் கடாசினீர்கள்? அன்றிலிருந்து அறுபத்து நான்கு பேர் உட்காரும் இடம் பதினாறு பேருக்குச் சுருங்கிவிட்டது. மீதி எல்லாரும் வாசலில். அதற்குப் பிறகு நீங்கள் எங்களை ஜென்மங்கள் என்றீர்கள், வெளியே தள்ளினீர்கள், கம்பியை வெட்டச் சொன்னீர்கள், மூஸின் வயிற்றைக் கிழித்துத் தைத்தீர்கள். ஒரு தடவை, ஒரே தடவை, வாசலில் வந்து நின்று பார்க்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு, ‘குறிப்புகள் அனுப்பியபடியே இருக்கட்டும்’ என்கிறீர்கள். உங்கள் முகம் வாடக்கூடாது என்பதற்காக என் ஏரி சாக வேண்டும். உங்களை மூடன் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அந்த ஒரு வரியைப் படித்த பிறகு கோழை என்றும் சேர்த்துக்கொண்டேன்.

இதையெல்லாம் கமிட்டித் தலைவர் டீன் ஹல்ட்கிரெனுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுதினால் என்ன நடக்கும் என்றும் யோசித்தேன். உங்களை விசாரிக்க ஒரு துணைக் கமிட்டி போடுவார்கள். அது முடியும்வரை கம்பி விஷயத்தை ஒத்திப்போடுவார்கள். ஒத்திப்போட்டால் நிதியாண்டு முடிகிறபோது பணம் நின்று கம்பி தானாகவே போய்விடும். அதனால் வேறொன்று எழுதினேன். இரண்டு மாதமாக யாருக்கும் பிடிபடாத மிக நுட்பமான ஒரு குறையை நிர்வாகி ஸ்கார் தன் அசாத்தியத் திறமையால் கண்டுபிடித்துத் தீர்த்தார் என்றும், இடப் பற்றாக்குறைக்கு எங்கள் நிலையம் காரணமல்ல என்று இதனால் தெளிவாகிவிட்டது என்றும் எழுதியிருக்கிறேன். அசாத்திய என்ற வார்த்தைக்கு அடியில் கோடு போட்டிருக்கிறேன்.

22 அன்று உங்களுக்குக் கைதட்டுவார்கள். உட்கார்ந்து வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் எனக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான், வாயை மூடிக்கொண்டிருப்பது. பழக்கமில்லாத வேலை என்று தெரியும். முயற்சி செய்யுங்கள்.

ஐலி ரந்தலா


கணினி மையம்
மார்ச் 23

டாக்டர் ரந்தலா,

கம்பி தப்பித்தது. மூன்று வருடத்துக்கு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குமேல் படிக்காமலே நீங்கள் கிழித்துப் போடலாம்.

கிழிக்கவில்லை என்றால் கேளுங்கள். டீன் உங்கள் கடிதத்தை எழுந்து நின்று படித்தார். "டாக்டர் ரந்தலா அவ்வளவு லேசுல யாரையும் பாராட்டுறவங்க இல்லை. நம்ம ஸ்காரை ‘அசாத்திய’ங்கிறாங்க. அடியில கோடு வேற போட்டிருக்காங்க" என்றார். கைதட்டினார்கள். வரலாற்றுத்துறையின் மீன் ஆசாமிகூடத் தட்டினான். முப்பது வருடத்தில் எனக்கு இந்தப் பல்கலைக்கழகத்தில் யாரும் கைதட்டியதில்லை. எப்படி இருந்தது தெரியுமா? கீபோர்டில் உருகின அந்த மீனை என் சட்டைப்பையில் போட்ட மாதிரி இருந்தது. உங்கள் வசவையெல்லாம் நான் ரசித்துத்தான் படித்தேன், பதிலுக்குத் திட்ட வாய்ப்பு என்று. இந்தப் பாராட்டைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதற்குத்தானே எழுதினீர்கள்? பலித்தது.

கம்பிக்கு ஓட்டெடுப்பு முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்ட அந்த ஒன்றைச் செய்தேன். முடிந்ததும் எழுந்தேன்.

"குறையைக் கண்டுபிடிச்சது டாக்டர் ரந்தலா. குறையை உண்டாக்கினது நான். ஜனவரியில ஐஸ் மீன்பிடிப் போட்டிக்குப் போற அவசரத்துல க்யூ வரிசை முதல் பொய் டெர்மினலை அழிச்சிட்டேன். திங்கட்கிழமை வந்து திரும்பப் போடணும்னு இருந்தேன், மறந்துட்டேன். அவங்களை வெட்டணும்னு எழுதினதெல்லாம் தப்பு" என்றேன்.

டீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எதை அழிச்சீங்க?"

"முதல் பொய் டெர்மினலை."

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "பொய்யா இருந்த ஒண்ணைத்தானே? அது போனா என்ன? நிஜமானதெல்லாம் பத்திரமா இருக்குல்ல?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் வரிசை, நாற்காலி, வாசல் என்று மீனுக்குச் சொல்வது போலச் சொல்லிப் பார்த்தேன். உங்கள் மீன்கள் எவ்வளவோ மேல். கடைசியில், "மனுஷனுக்கு எவ்வளவு அடக்கம் பாருங்கப்பா" என்று மறுபடியும் கைதட்டினார்கள். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. கலைந்து போனார்கள்.

நான் பண்ணின தப்பை ஒப்புக்கொண்டால்கூட அது தப்பு என்று புரியாத கூட்டத்துக்காக, புரிந்த ஒரே ஆளை இரண்டு மாதம் ஜென்மம் என்று திட்டியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. இதை எழுதுவது எனக்கு எளிதில்லை, அதனால் ஒரு தடவைதான் எழுதுவேன்.

கமிட்டிக்குப் புரியாவிட்டால் போகட்டும், புரிகிறவர்கள் மூஸின் வாசலில் இருக்கிறார்கள். இனி யார் நுழைந்தாலும் முதலில் திரையில் ஓர் அறிவிப்பு வரும்படி போட்டிருக்கிறேன். ஜனவரி முதல் அவர்களை வாசலில் நிறுத்தியது ஓரின் ஸ்கார், ஏரிக்காரர்களோ வேதியியல்துறையோ அல்ல என்று. மேற்கு மூலை மீன்களையும் சேர்த்திருக்கிறேன்.

அப்புறம் ஒன்று. நேற்றிலிருந்து மெஷின் ரூம் டெர்மினலை மூடிவிட்டு டார்லீனின் மேஜையிலிருந்து வாசல் வழியாகத்தான் போய் வருகிறேன். "என்னங்க, திடீர்னு ஜனங்களோட ஜனமா?" என்கிறாள்.

ஓரின் ஸ்கார்


லாங்நெக் ஏரி
மார்ச் 27

திரு. ஸ்கார்,

அறிவிப்பைப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வது சரியில்லை. நீங்கள் எழுதியது முப்பது வரி. திரையில் தெரிவது இருபத்து நான்கு. உங்கள் பெயரும் நீங்கள் செய்ததும் முதல் ஆறு வரியில் இருக்கின்றன. அவை கண்ணுக்குப் படும் முன்பே மேலே ஓடிப்போய்விடுகின்றன. கடைசியில் நிற்பது, கீபோர்டில் மீன் வைக்காதீர்கள் என்ற உங்கள் அறிவுரை மட்டும்தான். டோய்வோ என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "யாரு டாக்டரம்மா இவரு? நம்மளை இன்னும் திட்டிக்கிட்டேதான் இருக்காரு?" என்று கேட்டார். மன்னிப்புக் கேட்பதிலும் எல்லை எவ்வளவு என்று பார்க்காமல் போட்டிருக்கிறீர்கள். வாசல் வழியாகத்தான் போகிறேன் என்றீர்களே, உங்கள் திரையிலும் அப்படித்தானே ஓடியிருக்கும்? அல்லது அதைப் படிக்க உங்களுக்கே தைரியமில்லையா?

முப்பது வரியெல்லாம் வேண்டாம். ‘உங்கள் இடத்தை எடுத்தது நான், ஓரின் ஸ்கார்’ என்று ஒரு வரி போதும். அதையும் ஒரு வாரத்தில் எடுத்துவிடுங்கள். உள்ளே வருகிறவர்களுக்கு வேலை இருக்கிறது.

மேற்கு மூலை போனது போனதுதான். அதற்கு எந்த அறிவிப்பும் ஈடாகாது, இதில் உங்களை நான் மன்னிக்கவும் இல்லை. ஆனால் நேற்றைய கணக்கு வடக்கு மூலை என்று சொன்னது. டோய்வோ குழாயை அங்கே மாற்றி இறக்கினார். இன்று துளை போட்டுப் பார்த்தபோது ஒரு மீனும் மேலே வந்து வாயைத் திறக்கவில்லை. அவர் அதையே வந்து இரண்டு தடவை சொன்னார்.

இந்தக் கடிதத்துக்கு ஒட்டியதுதான் என்னிடமிருந்த கடைசித் தபால்தலை. இனி என்னைத் திட்டுவதாக இருந்தால் மின்னஞ்சலில் திட்டுங்கள். இடம் இருக்கிறது.

ஐலி ரந்தலா